கணவர் கனடாவில், நான் கொழும்பில்: விசிட்டர் விசா மறுத்துவிட்டார்கள், திரும்பப் போடலாமா?

வெள்ளவத்தை ஆசிரியை:
வணக்கம். 2023இல் எங்களுக்குப் பதிவுத் திருமணம் நடந்தது. அதற்கு முன்பே கணவர் ஸ்கார்புரோவில் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்). என்னை நிரந்தரமாக அங்கே எடுக்க ஸ்பொன்சர் போட்டு, விண்ணப்பம் கிடைத்தது என்ற ஏஓஆர் கடிதமும் வந்துவிட்டது, ஆனால் முடிவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நான் இங்கே ஒரு சர்வதேசப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். ஓகஸ்ட் விடுமுறையில் நான்கு கிழமை அவரோடு இருந்துவிட்டு வரலாம் என்று ஒரு முகவர் மூலம் விண்ணப்பித்தேன். கைரேகையோடு சேர்த்து 185 டொலர் கட்டினோம். மறுத்துவிட்டார்கள். கனடாவில் குடும்பம் இருப்பதால் நான் திரும்பி வருவேன் என்று அதிகாரிக்கு நம்பிக்கை இல்லையாம்.

இப்போது முகவர், இந்த முறை கணவரின் விலாசத்துக்கு எங்கள் வெள்ளவத்தை வீட்டையே போட்டு, அழைப்புக் கடிதத்தைச் சித்தியின் பெயரில் எடுக்கலாம் என்கிறார். வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்க வரச் சொல்லியிருக்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை அண்ணா:
தங்கச்சி, தயவுசெய்து அதில் கையெழுத்து வைக்க வேண்டாம். ஸ்பொன்சர் ஃபைலும் விசிட்டர் ஃபைலும் போவது ஒரே திணைக்களத்துக்குத்தான். அங்கே கணவர் ஸ்கார்புரோவில், இங்கே வெள்ளவத்தையில் என்றால் உடனே பிடிபடும். கனடாவின் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, பொய்த் தகவல் கொடுத்தால் 5 வருடத் தடை. அந்த 5 வருடமும் விசிட்டராகவும் போக முடியாது, பிஆருக்கும் விண்ணப்பிக்க முடியாது. முகவர் என்ன சொன்னாலும், மாட்டப்போவது நீங்கள்தான்.

இன்னொன்று. முதல் தடவை அவர் என்ன நிரப்பினார் என்று பார்த்தீர்களா? அனுப்பிய படிவங்களின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், முக்கியமாகக் குடும்ப விவரப் படிவம் 5645.

ஸ்கார்புரோ அக்கா:
நானும் இப்படி ஒருமுறை மறுக்கப்பட்டு, இரண்டாம் முறை விசா கிடைத்து வந்தவள்தான். பயப்படாதீர்கள். அதே சட்டத்தில் 22(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. நிரந்தரமாகக் குடியேற விருப்பம் இருந்தாலும், அனுமதித்த காலம் முடிந்ததும் திரும்புவார் என்று அதிகாரி நம்பினால் தற்காலிக விசா கொடுக்கலாம். ஆகவே கணவர் அங்கே இருப்பதை மறைக்கத் தேவையே இல்லை. விளக்கக் கடிதத்தின் முதல் பந்தியிலேயே எழுதுங்கள்: கணவர் ஸ்கார்புரோவில் இருக்கிறார், ஸ்பொன்சர் ஃபைல் இலக்கம் இது, முடிவு வரும்வரை கொழும்பில் வேலை செய்வேன், நான்கு கிழமைக்குத்தான் வருகிறேன்.

முதல் தடவை என் அலுவலகக் கடிதம் இரண்டே வரி: இன்னார் இங்கே வேலை செய்கிறார், லீவு கொடுக்கிறோம். அதை வைத்து யார் நம்புவார்கள்? இரண்டாம் தடவை சேர்ந்த திகதி, சம்பளம், லீவு தொடங்கும் நாள், திரும்ப வேலைக்கு வர வேண்டிய நாள், கையெழுத்திட்டவரின் தொலைபேசி எண் எல்லாம் போட்டு வாங்கினேன். நீங்கள் ஆசிரியை, உங்களுக்கு இன்னும் வசதி. செப்டெம்பர் தவணைக்கான நேர அட்டவணையில் உங்கள் பெயர் இருக்குமே, அதில் அதிபரின் முத்திரை வாங்கி இணையுங்கள்.

மறுப்பின் உள்விவரம் வேண்டுமென்றால் ஜிசிஎம்எஸ் குறிப்பு, அதாவது உங்கள் ஃபைலைப் பற்றி அதிகாரி திணைக்களத்தின் கணினியில் எழுதி வைத்த குறிப்பு, எடுக்கலாம். நீங்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைத்தால், கணவர் அங்கிருந்தே 5 டொலர் கட்டிக் கேட்கலாம்.

தெஹிவளை:
பிஆர் வரும்வரை பொறுத்திருப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். இன்னொரு மறுப்பு எதற்கு?

ஸ்கார்புரோ அக்கா:
பொறுக்கலாம்தான். ஆனால் கல்யாணம் முடித்தவர்கள் வருடக்கணக்காக வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக்கொண்டு இருப்பது லேசான காரியம் இல்லை. உண்மையை எழுதி மறுத்தால் அதனால் ஸ்பொன்சர் கெடாது. பொய் எழுதினால்தான் கெடும்.

வெள்ளவத்தை ஆசிரியை:
நேற்று முகவரிடம் போய் ஃபைலைத் திருப்பி வாங்கிவிட்டேன். பழைய படிவத்தில் கணவரின் விலாசம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வேலை விவரத்தில் இந்த வருடம் மட்டும்தான் போட்டிருக்கிறார். நான் 2019இலிருந்து அதே பாடசாலையில்! அப்புறம் இன்னொன்றும் உறுத்துகிறது. விண்ணப்பத்துக்கு முந்திய கிழமை கணவர் என் கணக்குக்கு 12 லட்சம் போட்டிருந்தார். அதைப் பற்றி எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை.

கொட்டாஞ்சேனை அண்ணா:
இரண்டையும் மறைக்காமல் புதிய கடிதத்தில் எழுதுங்கள். வேலை விவரம் தவறாகப் போனது, இதுதான் சரி என்று 2019 நியமனக் கடிதத்தை வையுங்கள். திடீரென்று விழுந்த பணம் யாருடையது என்று தெரியாவிட்டால் அதிகாரிக்குச் சந்தேகம்தான் வரும். கணவர் அனுப்பிய ரசீது, அவருடைய சம்பளச் சிட்டை, பிஆர் அட்டைப் பிரதி, அழைப்புக் கடிதம் எல்லாம் சேர்ந்தால் செலவு அவருடையது என்று புரியும். உங்கள் சம்பளம் விழும் கணக்கின் ஆறு மாதக் கூற்றையும் தனியாக வையுங்கள். முன்பு மறுத்தார்களா என்ற கேள்விக்கு ஆம் என்றே பதில். விசா வரும்வரை டிக்கெட் எடுக்க வேண்டாம்.

வெள்ளவத்தை ஆசிரியை:
சரி அண்ணா. கைரேகைக்குத் திரும்பக் கட்ட வேண்டுமா? திருமண அத்தாட்சிப் பத்திரம் தமிழில்தான் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை அண்ணா:
கைரேகை 10 வருடம் செல்லும், இந்த முறை 100 டொலர் மட்டும். பத்திரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள். மூலப் பிரதியையும் ஸ்கான் செய்து மொழிபெயர்ப்போடு ஒரே ஃபைலாக ஏற்றுங்கள்.