அப்பாவின் ஸ்டெம் செல்லும் ஒரு ராத்திரி ஊசியும்

அப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய். ரத்த அணுக்களை உண்டாக்கும் அவருடைய ஸ்டெம் செல்களையே ரத்தத்திலிருந்து பிரித்து உறைய வைத்து, கடுமையான கீமோவுக்குப் பிறகு திரும்ப ஏற்ற வேண்டும். செல்கள் மஜ்ஜையை விட்டு ரத்தத்துக்கு வர வேண்டுமே, அதற்காக மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியை நாலு நாள் போட்டார்கள். இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்ததில் அப்பா இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தார். அஞ்சாம் நாள் காலை சிடி34 எண்ணிக்கை, அதாவது ரத்தத்துக்கு வந்த ஸ்டெம் செல்களின் கணக்கு, மைக்ரோலிட்டருக்கு வெறும் 6. குறைந்தது பத்து வேண்டும் என்றார்கள்.

அன்று ராத்திரி ப்ளெரிக்ஸாஃபோர் என்ற மருந்து, ஒரே ஊசி. மறுநாள் காலை 31! அந்த ரிப்போர்ட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மஜ்ஜையில் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைன், அதாவது செல்களைத் தன் பக்கம் இழுக்கும் சிறு புரதம், சுரந்துகொண்டே இருக்குமாம். ஸ்டெம் செல்லின் மேலுள்ள சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி அதைப் பற்றிக்கொள்வதால் செல் அங்கேயே தங்கிவிடும். மருந்து அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்ததும் பிடி விட்டுப்போகிறது. முதலில் எச்ஐவிக்காகச் சோதித்த மருந்து இது. போட்டுக்கொண்டவர்களுக்கு வெள்ளணு ஏறியதைக் கவனித்துத்தான் இந்தப் பக்கம் திருப்பினார்கள். 2008இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கீமோகைனோடு பழகியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன்.

மறுமொழி

அக்கா, நான் நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். கீமோகைனைக் கண்ணால் பார்க்க முடியாது, அது இழுக்கும் இழுப்பைப் பார்த்திருக்கிறேன். இரண்டு அறை, நடுவே 3 மைக்ரான் துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு. மேலே நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள், கீழே அவற்றை இழுக்கும் ஐஎல்-8 என்ற கீமோகைன். கொஞ்ச நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கீழே செல்கள் குவிந்து கிடந்தன. துளையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய செல், உடம்பை நெளித்து நுழைந்திருக்கிறது!

அப்புறம் மேலேயும் கீழேயும் ஒரே அளவு ஐஎல்-8 விட்டேன். இறங்கியவை கொஞ்சம்தான். எந்தப் பக்கம் அதிகம் என்ற வித்தியாசம்தான் செல்லுக்கு வழி. முள் குத்திய விரலிலும் இதுதான்: குத்திய இடத்தில் ஐஎல்-8 அதிகம், விலக விலகக் குறைவு. சீழ் என்று நாம் பிதுக்குவதில் பெரும்பகுதி அப்படி வந்து செத்த நியூட்ரோஃபில்கள்.

என் அம்மாவுக்கு முடக்குவாதம். மூட்டில் முள் எதுவும் இல்லை, ஆனாலும் வெள்ளணுக்களைக் கூப்பிடும் கீமோகைன் அழைப்பு ஓயவில்லை. காலையில் விரல் மடங்காமல் டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் தூக்குவார். அதனால்தான் இந்த வேலையை விட மனசு வரவில்லை. அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

மறுமொழி

நன்றாக இருக்கிறார் தம்பி. செல்களை ஏற்றிய பதினோராம் நாள் நியூட்ரோஃபில் மைக்ரோலிட்டருக்கு 500ஐத் தாண்டியது, புதுச் செல்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. கழுத்துக் குழாய் வழியாக ஏற்றிய செல்கள் எலும்புக்கு வழி தேடிப் போனதற்கும் அதே சிஎக்ஸ்சிஎல்12தான் துணையாம்.