சதாம் கொடியவர் என்பதால் 2003 போர் நியாயமாகிவிடுமா?

மருதன்:
1988 மார்ச் 16 அன்று வடக்கு ஈராக்கின் ஹலப்ஜா ஊரில் நச்சுக் குண்டு போட்டு ஏறத்தாழ 5,000 குர்து இன மக்களைக் கொன்றது ஈராக் அதிபர் சதாமின் படை. அந்த ஆட்சியைத்தான் 2003-இல் அமெரிக்கா வீழ்த்தியது. போரை எதிர்த்தவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: சதாம் இன்னும் ஆண்டிருந்தால் பரவாயில்லையா?

தென்கரை:
அவர் கொடியவர் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. ஈரான் போரில் ஈராக் நச்சுவாயு பயன்படுத்துவது தெரிந்தும், 1983 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ரீகனின் தூதராக ரம்ஸ்ஃபெல்ட் பாக்தாத் போய் அவரோடு கைகுலுக்கினார். அடுத்த ஆண்டே தூதரக உறவும் திரும்பியது. ஹலப்ஜாவுக்குப் பிறகும், ஈரானுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்றது வாஷிங்டன். பதினைந்து வருடம் கழித்து அதே பிணங்களைக் காட்டிப் போருக்கு ஆள் திரட்டினால் நெஞ்சு கொதிக்காதா?

மருதன்:
கொதிக்கட்டும். கறைபடாத கை வரும்வரை குர்துகள் காத்திருக்க முடியுமா? 1991-இல் சதாமைத் தூக்கியெறியுங்கள் என்று மூத்த புஷ் தூண்டினார். மக்கள் எழுந்தார்கள். அமெரிக்கா ஒதுங்கி நின்றது. தெற்கே ஷியாக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தலையிடாமல் இருந்தாலும் பிணம் விழத்தான் செய்கிறது.

அல்லி:
மருதன், 1991 கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அதே ஆண்டு ஏப்ரலில் வடக்கே ஈராக் விமானங்கள் பறக்கத் தடை போட்டார்கள். மலைக்கு ஓடிய குர்துகள் ஊர் திரும்பினார்கள். அதன்பின் இன்னொரு ஹலப்ஜா நடக்கவில்லை. கொலை நடக்கும்போது குறுக்கே நிற்பது ஒன்று, பழைய கொலையைச் சொல்லி ஒரு நாட்டையே பிடிப்பது வேறொன்று. அமைதி வழிகள் தீருமுன்பே போருக்குப் போனார்கள் என்று இந்தப் போரை விசாரித்த பிரிட்டனின் சில்காட் அறிக்கையே 2016-இல் சொல்லிவிட்டது.

தென்கரை:
2002 ஜனவரியில் இளைய புஷ் ஈராக்கை 'தீமையின் அச்சு' நாடுகளில் ஒன்று என்றார். எதிரிக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டால், அவன் விழுந்தபின் அங்கே வாழப்போகிறவர்களைப் பற்றி யோசிக்கவே தோன்றாது போலிருக்கிறது. 2003 மே மாதம் ஒரே ஆணையில் ஈராக் படையைக் கலைத்தார் அங்கே அமெரிக்கா வைத்த நிர்வாகி பிரெமர். ஆயுதம் பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. அப்புறம் மூண்ட உள்நாட்டுச் சண்டையில் செத்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

மருதன்:
படையைக் கலைத்தது பெரும்பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அல்லி, 1992-இல் தெற்கிலும் அதே தடை வந்தது. விமானம்தான் நின்றது, தரையில் சதாமின் பிடி தளரவில்லை. தெற்கே பஸ்ராவில் இருந்தவரிடம் இன்னும் எத்தனை வருடம் பொறு என்று சொல்லியிருப்பீர்கள்?