‘ஸ்டாக் இல்லை’: கேட்டவர்களும் சொன்னவர்களும்

காரைக்கால்காரன்:

கருத்தடை மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாம் ஏழை நாட்டுப் பெண்கள் கைக்கு ஏன் போய்ச் சேருவதில்லை என்று கேட்டால் பலரும் உடனே ‘விழிப்புணர்வு இல்லை’ என்பார்கள். இந்தச் சரக்கோடு வருஷக்கணக்கில் அலைந்த எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை போய்விட்டது. நான் பார்த்த பெண்கள் விவரம் தெரிந்துதான் வந்தார்கள், அலமாரிதான் காலியாக இருந்தது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை.

பிரெஞ்சு தெரியும் என்பதால் எனக்குச் செனகல் நாட்டில் மருந்து விநியோக வேலை கிடைத்தது. தலைநகர் டக்காரை ஒட்டி பிக்கின் என்று ஜனநெருக்கடி மிகுந்த ஒரு புறநகர். அங்கே ஒரு சுகாதார மையத்தில் மருத்துவச்சி அலமாரியைத் திறந்து காட்டினார். மேல்தட்டில் பெட்டி நிறைய மாத்திரை அட்டைகள், எல்லாம் தேதி தாண்டியவை. கைத்தோலுக்கு அடியில் வைக்கிற குச்சி, அதாவது இம்பிளான்ட், இருக்க வேண்டிய தட்டில் பஞ்சு உருளைகளை அடுக்கியிருந்தார். வராந்தாவில் அதே குச்சிக்காகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அது நாட்டில் இல்லாமல் இல்லை. சில மைல் தூரத்தில் கிடங்கில் இருந்தது.

ஏன் வரவில்லை? சரக்கு தீர்ந்தால் கிடங்குக்குப் போய் எடுத்து வருவது மையத்தின் பொறுப்பு. அந்த மருத்துவச்சி போனால் அன்றைக்குப் பிரசவம் பார்க்க ஆள் கிடையாது. வண்டிக்குக் காசு வேண்டும், சரக்குக்கு முன்பணமும் வேண்டும். கையில் இருப்பது கொஞ்சம்தான் என்றால் காய்ச்சல் மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும்தானே முதலில் வாங்குவார்கள்? கருத்தடைச் சாமான் ‘அடுத்த முறை பார்க்கலாம்’ பட்டியலுக்குப் போய்விடும்.

2012-இல் பிக்கினிலும், செனகலின் உட்பகுதியில் இருக்கும் காஃப்ரினிலும் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். மையம் கிடங்குக்குப் போக வேண்டாம், வண்டி மையத்துக்கு வரும். நம்மூரில் ரொட்டிக் கம்பெனி வேன் பெட்டிக்கடைக்கு வருவது போலத்தான். வந்தவர் அலமாரியில் இருப்பதை எண்ணுவார், போன தடவையிலிருந்து எவ்வளவு செலவானது என்று குறிப்பார், அந்த வேகத்துக்கு ஏற்ப நிரப்பிவிட்டுப் போவார். செலவான சரக்குக்கு மட்டும் மையம் பணம் கட்டும். மருத்துவச்சி ஒரு படிவம்கூட எழுத வேண்டியதில்லை. இது நாடு முழுக்கப் பரவியபோது ‘ஸ்டாக் இல்லை’ என்ற நிலை 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. புது மருந்தும் இல்லை, பிரசாரமும் இல்லை. யார் யாரிடம் போவது என்பதை மாற்றினார்கள், அவ்வளவுதான். இந்தத் துறையில் நான் கண்ட ஆகப்பெரிய மாற்றம் இதுதான் என்பேன்.

மலைக்கிராம நர்சு (ஓய்வு):

தம்பி எழுதிய அலமாரியை நானும் பார்த்திருக்கிறேன், கிருஷ்ணகிரி மாவட்டத்தில். கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்தில் என் துணை சுகாதார நிலையத்தில் நிரோத், அதாவது அரசு தருகிற ஆணுறை, பெட்டி பெட்டியாகக் கூரை முட்டும். மாலா-என் மாத்திரை இருக்காது. கேட்டு எழுதினால் மாத்திரைக்குப் பதில் இன்னும் இரண்டு பெட்டி நிரோத் வரும். ‘வந்ததை வாங்கி வையுங்கள், திருப்பி அனுப்பினால் நமக்குத்தான் கேள்வி வரும்’ என்பார்கள் மேலே இருப்பவர்கள்.

இதற்கு நான் கண்ட காரணம் கொஞ்சம் கசப்பானது. நம் மாநிலத்தில் எல்லார் மனசிலும் இருந்தது ஆபரேஷன்தான். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இரண்டு குழந்தை, அப்புறம் ஆபரேஷன். இதுதான் வழி என்று முடிவான பிறகு, இரண்டு குழந்தைக்கும் நடுவில் இடைவெளி விட நினைப்பவளுக்கு மாத்திரை இருக்கிறதா என்று யார் எண்ணப் போகிறார்கள்? மாதாந்திரக் கூட்டத்தில் என்னிடம் ‘எத்தனை கேஸ் அனுப்பினாய்’ என்றுதான் கேட்பார்கள். ‘எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள்’ என்று யாரும் கேட்டதில்லை. அதை எழுத ரிஜிஸ்டரில் கட்டமே கிடையாது.

ஒரு பெண், பெயர் வேண்டாம், மூத்தவன் பால் மறப்பதற்குள் இரண்டாவது உண்டாகிவிட்டாள். அதற்கு முன் என்னிடம் இரண்டு தடவை வந்து போனவள். ‘நீங்க வரச் சொன்னீங்க, வந்தேன் நர்சம்மா’ என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

2017-க்குப் பிறகு ‘அந்தரா’ என்று மூன்று மாத ஊசி, ‘சாயா’ என்று வார மாத்திரை எல்லாம் அரசுத் திட்டத்தில் வந்தன. சாயா நம் நாட்டிலேயே, லக்னோவில் கண்டுபிடித்த மருந்து. ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. சரக்குக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தார்கள். நல்லதுதான். ஆனால் ஊசி வந்து சிரிஞ்சு வராத மாதமும் இருந்தது.

வேளச்சேரி வாசி:

கிராமம், மலை என்கிறீர்கள். நான் சென்னை. கல்யாணமாகி மூன்றாம் வருஷம், ஆணுறை கிழிந்துவிட்டது. அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 2005-லிருந்து அதை மருந்துச் சீட்டே இல்லாமல் விற்கலாம். என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். ஒருவர் ‘வராது சார்’ என்றார். ஒருவர் ‘தமிழ்நாட்டுல தடை’ என்றார். இன்னொருவர் பதிலே சொல்லாமல் அடுத்த ஆளைப் பார்த்தார். கடைசியில் பெங்களூரில் இருக்கும் என் அக்கா வாங்கி, அன்று இரவு பஸ்ஸில் வந்த தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள். அங்கே எந்தக் கடையிலும் சோப்பு மாதிரி கிடைக்கிறது. அக்காவோ பஸ்ஸில் வருகிற ஆளோ இல்லாத பெண் என்ன செய்வாள்?

மருந்துக்கடை அண்ணாச்சி:

தங்கச்சி சொல்வது நிஜம். எழுத்தில் தடை என்று ஒரு தாளை என் கண்ணால் பார்த்ததில்லை. ‘வைத்தால் வம்பு’ என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் கேட்க, மொத்த விற்பனையாளர் கொண்டுவருவதை நிறுத்த, வழக்கமே சட்டம் ஆகிவிட்டது. கேட்பவரை மேலும் கீழும் பார்க்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்க முடியாது.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். 1968-இல் நிரோத் வந்தபோது அதைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோனது சுகாதாரத் துறை ஜீப் மட்டும் இல்லை. புரூக் பாண்ட், லிப்டன், இந்துஸ்தான் லீவர் மாதிரி டீத்தூளும் சோப்பும் விற்கிற கம்பெனிகளோடு அரசு ஏற்பாடு செய்தது. மூன்று உறை 15 காசு. டீத்தூள் பாக்கெட் போகிற வண்டியிலேயே இதுவும் போனது. செனகல்காரர்கள் 2012-இல் கண்டுபிடித்த வித்தையில் பாதி நம்மிடம் முன்பே இருந்திருக்கிறது!

மட்டக்களப்பு மகள்:

அண்ணாக்கள், அக்காக்கள், எங்கள் கதை வேறு. இலங்கையில் இந்த ஏற்பாடு நன்றாகவே இருந்தது. குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கே வருவார். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய முறை அது. எங்கள் அம்மம்மாவுக்கே பழக்கம். 2022-இல் டொலர் இல்லாமல் போனதும் அத்தனையும் ஆட்டம் கண்டது.

எனக்கு அப்போது கைக்குழந்தை. மூன்று மாத ஊசிக்கு நாள் வந்துவிட்டது. எங்கள் மிஸ்ஸுக்கு, அதாவது அந்த மருத்துவமாதுக்கு, ஸ்கூட்டிக்குப் பெற்றோல் இல்லை, வரிசையில் நின்றுவிட்டு வெறும் போத்தலோடு திரும்பியிருக்கிறார். நான் கிளினிக்குக்கு நடந்து போனேன். ஊசி இல்லை. ‘இப்போதைக்கு இதைப் போடு மகள்’ என்று ஒரேயொரு மாத்திரை அட்டை தந்தார். முன்பெல்லாம் மூன்று அட்டை சேர்த்துத் தருவார்கள். அடுத்த அட்டைக்கு மறுபடி அதே வெயிலில் நடை. பார்மசியில் விலை ஏறிக்கொண்டே போனது. பால்மாவா மாத்திரையா என்று வந்தால் எந்தத் தாய் மாத்திரையை வாங்குவாள்? அந்த ஜூனில் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் பெண்களின் சுகாதாரத்துக்கென்று 1.07 கோடி டொலர் கேட்டது. கேட்டதும் வந்ததும் எங்கள் கிளினிக் அலமாரிக்கு வந்து சேரக் கனகாலம் எடுத்தது.

தார் எஸ் சலாம் தமிழன்:

தான்சானியாவில் மருந்து இறக்குமதி வேலையில் இருக்கிறேன். இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, விலை. ஜடெல் என்ற இம்பிளான்ட் 18 டாலராக இருந்தது. உதவி அமைப்புகள் ‘இத்தனை கோடி வாங்குகிறோம்’ என்று உத்தரவாதம் கொடுத்ததால் 2013-இல் 8.50 டாலர் ஆனது. பிறகு இங்கே ஊருக்கு ஊர் முகாம் போட்டுப் பெண்கள் கையில் வைத்தார்கள். வைக்கும் ஊசி பெட்டிக்குள்ளேயே வரும். எடுக்கத் தேவையான பிளேடும் சின்ன இடுக்கியும் மரத்துப்போகும் மருந்தும் அதில் வராது, எடுக்கத் தெரிந்த கையும் வராது. முகாம்காரர்கள் போன பிறகு, காலம் முடிந்தும் கையில் குச்சியோடு அலையும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு, 2025. ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும், பெல்ஜியத்தில் கீல் என்ற ஊர்க் கிடங்கில் சுமார் 97 லட்சம் டாலர் பெறுமான கருத்தடைச் சரக்கு முடங்கியது. தான்சானியா உட்பட ஆப்பிரிக்க நாடுகளுக்கு வர வேண்டியது. தேதி முடியாத சரக்கை எரித்துவிடப் போகிறோம் என்றார்கள். நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று முன்வந்த அமைப்புகளையும் ஏற்கவில்லை. சரக்கும் இருந்து, வாங்க ஆளும் இருந்து, கப்பலும் இருந்து ஒன்று வராமல் போவதை இந்தத் தொழிலில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மலைக்கிராம நர்சு (ஓய்வு):

காரைக்கால் தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த வண்டிக்கும் எண்ணுகிற ஆளுக்கும் சம்பளம் யார் கொடுத்தார்கள்? திட்டம் முடிந்ததும் நின்றுவிட்டதா? எங்கள் ஊரில் நல்ல ஏற்பாடு எல்லாம் அப்படித்தான் முடியும்.

காரைக்கால்காரன்:

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. ஆரம்பத்தில் வெளிநாட்டு அறக்கட்டளைப் பணம்தான். பிறகு அரசின் மருந்துக் கொள்முதல் அமைப்பே எடுத்துக்கொண்டது, கருத்தடையோடு மற்ற மருந்துகளையும் அதே வண்டியில் ஏற்றினார்கள். அதனால் நின்றுவிடவில்லை. ஆனால் வண்டியில் ஏற்றுகிற கருத்தடைச் சரக்குக்கு இன்னமும் பெரும்பாலும் வெளியார் பணம்தான். அதுவும் உள்நாட்டு பட்ஜெட்டுக்கு வரும் வரைக்கும் தார் எஸ் சலாம் நண்பர் சொன்ன மாதிரி ஒரு ஜனவரி அங்கேயும் வரலாம்.