‘ஏழு நாளும்’ என்று சொன்னேன்: பிள்ளைகளின் ஆய்வில் பெற்றோராகிய நாம்

படுவான்கரைத் தாய்:

எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் ஒரே பிள்ளைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து, வருடம் ஒரு தடவை வந்து பிள்ளையையும் பெற்றோரையும் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்களே, அந்த ஆய்வைப் பற்றித்தான் எழுதுகிறேன். மகள் தரம் 8 படிக்கும்போது கையெழுத்து வைத்தேன். உயர்தரம் முடியும்வரை வருவார்கள். உங்களில் பலருடைய பிள்ளைகளும் இதிலோ இது போன்ற ஒன்றிலோ இருப்பார்கள், விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் வருடம் அவர்கள் வந்தது மாசி மாதம், வேளாண்மை வெட்டு நேரம். வயலில் இருந்து வந்து, கால் கழுவிக்கொண்டு அப்படியே விறாந்தையில் உட்கார்ந்தேன். வந்த பெண்பிள்ளை ஒவ்வொரு வினாவையும் இலக்கம் சொல்லிச் சத்தமாக வாசித்தாள். எத்தனை அறை, மின்சாரம் உண்டா, தண்ணீர் எங்கிருந்து என்று போய்க்கொண்டிருந்தது. மகள் தூணில் சாய்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாள் மகளின் பாடக் கொப்பிகளைப் பார்த்தீர்கள், அக்கா?”

“ஏழு நாளும்.”

மகளின் கை பின்னலில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக வெட்கப்படுகிறவள் போல் பார்த்தாள். பிறகு பின்னியதை முழுவதும் அவிழ்த்து, முதலில் இருந்து பின்னத் தொடங்கினாள்.

1990இல் இடம்பெயர்ந்து ஓடியபோது எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஒன்பதாம் வகுப்புக் கொப்பிகள் நான் நின்ற இடத்துக்கு அப்பால் போய்விட்டன. அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். இப்போது அவள் தரம் 11. அந்தத் தாளில் ஏழு என்றே இருக்கிறது.

அக்கரைப்பற்று வாப்பா:

சகோதரி, உங்களிடமாவது பதில் வாங்கினார்கள். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது எங்கள் வயலில் விளைச்சல் விழுந்தது. அடுத்த வருடம் பிள்ளைகளின் உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஆய்வுக்கு வந்தவர் தாய்க்கென்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது என்றார். மகன் இமோ காணொளி அழைப்பில் உம்மாவை எடுத்துத் தொலைபேசியை நடுவில் வைத்தான். அவர் சமையலறையில் ஒளிந்து நின்று, தாழ்ந்த குரலில் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பிள்ளை எதிர்காலத்தில் என்ன ஆக வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்ற இடத்தில் அந்த வீட்டுக்காரி கூப்பிட்டுவிட்டார். திரை கறுத்தது. மூன்று தடவை எடுத்தோம், கிடைக்கவில்லை.

வந்தவர் ‘பதில் இல்லை’ என்ற கட்டத்தில் அடையாளம் போட்டார். மகன் எழுந்துபோய் அவருடைய கையைப் பிடித்தான். “சேர், உம்மா பதில் சொல்லவில்லை என்று எழுத வேண்டாம். வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று எழுதுங்கள்.” அதற்குக் கட்டம் இல்லை. கடைசியில் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். அந்தப் பென்சில் எழுத்து எங்கேயாவது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. மூன்றாம் வருடம் நாங்கள் விலகிவிட்டோம்.

முன்னாள் கள உதவியாளர்:

படுவான்கரை அக்கா, அந்தப் பிழை உங்களுடையது அல்ல. பிள்ளை கேட்கும் தூரத்தில் அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டதுதான் பிழை. நானும் இந்த வேலை செய்தவன்.

என்னை விடாமல் பிடித்திருப்பது வாகரைப் பக்கத்து ஒரு தாய். ஒப்புதல் படிவத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “சுனாமிக்குப் பிறகு 2005இல் கூடாரத்துக்கு வந்தவர்களும் இப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்கள் தம்பி. ஒருவராவது திரும்பி வந்து, இதுதான் கண்டோம் என்று சொன்னாரா?” என்றார். பதில் என்னிடம் இல்லை. பேனையை வாங்கினார், ஆனால் கையெழுத்து வைக்கவில்லை. படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். “என் பிள்ளையின் முகவரியை நீ எழுதிக்கொண்டாய். உன் வீட்டு முகவரியை இதில் எழுதிக் கையெழுத்து வை. பிறகு நான் வைக்கிறேன்.” எழுதினேன். அந்தப் பிரதியை மடித்து, குடும்ப அட்டையோடு ஒரே பையில் வைத்தார்.

பெற்றோருக்குச் சில விடயங்கள் சொல்ல வேண்டும். நீங்கள் கையெழுத்து வைத்தாலும் பிள்ளையிடம் தனியாக விருப்பம் கேட்க வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால் உங்கள் கையெழுத்துக்கு வேலை இல்லை. விரும்பாத கேள்வியைத் தாண்டிப் போகச் சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. உங்கள் பகுதியைப் பிள்ளை இல்லாத இடத்தில் கேட்கச் சொல்லுங்கள், பிள்ளையின் பகுதிக்கு நீங்கள் எழுந்து போங்கள். தொடர்பு இலக்கம் உள்ள பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். பெயர் இருக்கும் தாளும் பதில் இருக்கும் தாளும் வேறு வேறாக, குறியீட்டு எண்ணோடு வைக்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டிலும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2004இல் 13, 14 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 16,000 பேரோடு தொடங்கிய ‘நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ ஆய்வில் முதல் நான்கு வருடமும் பெற்றோரையும் தனியாகப் பேட்டி கண்டார்கள். பிள்ளை வளர்ந்த பிறகு பிள்ளையிடம் மட்டும் கேட்டார்கள். பெற்றோரின் பங்கு எங்கே முடிகிறது என்பதையும் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

திருக்கோவில் மாமா:

தங்கை வீட்டில் நடந்தது. மச்சான் கடலில் போனவர், திரும்பவில்லை. “குடும்பத் தலைவர் யார்?” என்று கேட்டார்கள். தங்கை என்னைப் பார்த்தாள். வீடு அவளுடைய சீதன வீடு, நான் மனைவி வீட்டில் இருந்து வந்து போகிறவன். தாய்மாமன் என்ற முறையில் பிள்ளையின் காரியம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறேன், ஆனாலும் தலைவர் என்று எப்படிச் சொல்வது? மருமகள்தான் சொன்னாள்: “அம்மாவின் பெயரை எழுதுங்கள்.” தங்கை அழுதுவிட்டாள். வேறு ஒன்றும் இல்லை, இதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்முனை:

பிழை உங்களுடையது அல்ல என்று கள உதவியாளர் தம்பி ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தத் தாயின் மனம் உறுத்துகிறது என்றால், அவர் தன் பதிலுக்கு மதிப்புக் கொடுக்கிறார். அதை ஏன் பறிக்க வேண்டும்?

நான் கண்டது சின்ன விடயம். படிவத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, நாளைக்குக் கையெழுத்தோடு வர வேண்டும் என்று அனுப்பினோம். மறுநாள் காலை, மணி அடிக்க முன்னர், மதிலில் வைத்து ஒரு பையன் தகப்பனின் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய தகப்பன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் கண்டும் காணாதவன் போல் போனேன்.

ஆகவே சொல்கிறேன்: பிள்ளையின் கையில் படிவத்தைக் கொடுத்து அனுப்பாதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் வாசியுங்கள், அதையும் வெட்டுக் காலத்திலும் வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களிலும் வைக்காதீர்கள். வராதவர்களின் வீட்டுக்குப் போங்கள். தந்தை, தாய் என்று இரண்டு கோடு மட்டும் போடாமல் பாதுகாவலர் என்று மூன்றாவது கோடும் போடுங்கள். எங்கள் பக்கத்தில் அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் எத்தனை பேர்!

அக்கரைப்பற்று வாப்பாவுக்கும் ஒன்று. விலகுவது உங்கள் உரிமை, குறை சொல்லவில்லை. ஆனால் இப்படி நீண்டு போகும் ஆய்வுகளில் இருந்து விழுந்து போகிறவர்கள் யார் என்று பாருங்கள். தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடு, தொழில் தேடி ஊர் மாறிய வீடு, வாடகை கட்ட முடியாமல் போன வீடு. கடைசி வருடம் மிஞ்சுவது நிலையான வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். அவர்களை வைத்துத்தான் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் இப்படி என்று எழுதுவார்கள். உங்கள் மகன் அந்த எழுத்தில் இருக்க மாட்டான்.

அக்கரைப்பற்று வாப்பா:

சேர், நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் விலகச் சொன்னது நான் அல்ல, மகன். மறுபடியும் உம்மாவை ஒளித்து வைத்துப் பேச வைக்க மாட்டேன் என்றான். அவனிடம் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். எழுந்துபோய்விட்டான்.

படுவான்கரைத் தாய்:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஒன்று சொல்லாமல் விட்டேன்: அந்த வருடத்தில் இருந்து இரவில் அவள் படிக்கும்போது பக்கத்தில் இருக்கிறேன். விளங்காது, ஆனாலும் பக்கம் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இதைக் கேட்க அவர்கள் இந்த வருடம் இன்னும் வரவில்லை.

நேற்றுப் பின்னேரம் படிவத்தில் உள்ள இலக்கத்துக்கு எடுத்தேன். இரண்டாம் வருடம் நான் சொன்ன ஒரு பதில் பொய், மாற்ற வேண்டும் என்றேன். பேசியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பழைய தாளை அழிக்க மாட்டோம், நீங்கள் சொன்னதை அதனோடு குறித்து வைக்கலாம் என்றார். பிறகு, “எத்தனையாவது வினா, அம்மா?” என்று கேட்டார்.

எனக்கு நினைவில்லை. உள்ளே எழுதிக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமல் சொன்னாள்: “முப்பத்தொன்று.”