‘முறம்’ என்றால் ‘புலி’ வருகிறது: தரவு போதவில்லையா, முறையே கோளாறா?

நெல்மணி:
முதுகலைத் திட்டத்துக்காகத் தமிழ் விக்கிப்பீடியாவையும் செய்திகளையும் கொடுத்து, எந்தச் சொல் எதற்கு நெருக்கம் என்று எழுத்திலிருந்தே கற்கும் வேர்ட்2வெக் என்ற கணினி மாதிரியைப் பழக்கினேன். ‘முறம்’ என்ற சொல்லுக்கு நெருக்கமானவை எவை என்று கேட்டால் முதல் ஐந்துக்குள் ‘புலி’ நிற்கிறது. அரிசி, உமி எல்லாம் எங்கோ கீழே. அம்மாச்சி முறத்தில் புடைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இதை அப்படியே விட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பனையோலை:
தரவு குறைவுதான், ஆனால் அது மட்டுமில்லை. ஒரு சொல்லை அதன் சகவாசத்தை வைத்து அறியலாம் என்று 1957-இல் மொழியியலாளர் ஃபிர்த் எழுதினார். 2013-இல் வந்த வேர்ட்2வெக்கும் அதே வழிதான். புலியை முறத்தால் விரட்டிய பெண்ணைப் பற்றி எல்லோரும் எழுதுகிறோம். முறத்தில் அரிசி புடைத்ததை யார் எழுதுகிறார்கள்? எல்லோருக்கும் தெரிந்தது எழுத்தில் வராது. அதை ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். உளவியலாளர் கென் மெக்ரேயின் குழு 2005-இல் 541 பொருள்களுக்குப் பண்புப் பட்டியல் வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் 30 பேர், அது எப்படி இருக்கும், எதற்குப் பயன்படும் என்று தோன்றியதை எழுதினார்கள். நீங்களும் ஐம்பது வீட்டுச் சாமான்களுக்குச் செய்து பாருங்கள்.

கணக்கன்:
அதற்காக எழுத்தை ஒதுக்கிவிடாதீர்கள். 1997-இல் லேண்டவர், டுமே என்ற ஆய்வாளர்கள் வெறும் எழுத்தில் பழக்கிய கணினி மாதிரிக்கு, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபல் தேர்விலிருந்து, ஒரே பொருள் தரும் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் 80 கேள்விகளைக் கொடுத்தார்கள். 64.4 சதவீதம் சரி. தேர்வு எழுதிய வெளிநாட்டு மாணவர்களின் சராசரி 64.5! ஆனால் ‘காபி’யும் ‘டம்ளரும்’ கூடவே வருவது வேறு, ஒன்றுபோல இருப்பது வேறு. அந்த வேறுபாட்டைச் சோதிக்க சிம்லெக்ஸ்-999 என்ற ஆங்கிலச் சொல்ஜோடிப் பட்டியலைப் போல ஒன்று தமிழில் அவசியம் வேண்டும்.

நெல்மணி:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவே வீட்டில் ஆரம்பித்துவிட்டேன். அம்மாச்சி சொன்னது: மூங்கில், சாணி போட்டு மெழுகணும், கல்லும் நொய்யும் தனியாகப் பிரியும், கால் படக் கூடாது. புலி வரவே இல்லை. அப்புறம் கல்லூரியில் படிக்கும் தங்கையிடம் கேட்டேன். அவள் முதலில் எழுதியதே ‘புலி’! முறத்தைத் தொட்டதில்லை, பாடத்தில்தான் படித்திருக்கிறாள். அவள் மனதில் இருக்கும் முறத்தை நான் பழக்கிய வேர்ட்2வெக் சரியாகவே பிடித்திருக்கிறது.

ஆகவே அம்மாச்சி வயதில் 30 பேர், தங்கை வயதில் 30 பேர். இரண்டு பட்டியலையும் கலக்காமல் வைக்கப் போகிறேன். ‘கால் படக் கூடாது’ என்பதைப் பண்பாகச் சேர்க்கலாமா?

பனையோலை:
கட்டாயம் சேருங்கள். எழுத்தில் கிடைக்காத விஷயம் அதுதான்.