அத்தானின் பாதம்: நின்றபடி எக்ஸ்ரே எங்கே எடுக்கலாம்?

வணக்கம் உறவுகளே, அவசரமாக ஒரு உதவி. மூன்று நாளைக்கு முன் நிலாவெளிக் கரையில் படகிலிருந்து குதித்தபோது அத்தானின் முன்பாதம் மணலில் குத்தி மடங்கிவிட்டது. அன்றிரவே ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். படுக்க வைத்துத்தான் எடுத்தார்கள். “முறிவு இல்லை, சுளுக்குத்தான்” என்று கட்டுப்போட்டு அனுப்பினார்கள். இன்று பார்த்தால் உள்ளங்காலின் நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருக்கிறது. குதிகாலை ஊன்றுகிறார், முன்பாதத்தை வைத்தால் துடிக்கிறார்.

நான் தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். உள்ளங்கால் கன்றினால் லிஸ்ஃப்ராங்க் என்ற நடுப்பாத மூட்டுக் காயத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று படித்திருக்கிறோம். அந்த மூட்டைப் பிடித்திருக்கும் நார் அறுந்தால், எலும்பு முறியாமலே விலகும். பெருவிரல் பக்கமிருந்து முதலாம், இரண்டாம் பாத எலும்புகளுக்கிடையில் 2 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் படுத்தெடுத்த படத்தில் அது தெரியாமல் போகலாம். இரண்டு பாதத்தையும் ஊன்றி நிற்க வைத்து ஒப்பிட வேண்டும், நிற்க முடியாவிட்டால் சீ.ரி. ஸ்கான்.

மாமி எண்ணெய் போட்டு உருவ வேண்டும் என்கிறா. நான் விடவில்லை. காலை ஊன்ற விடாமல் தலையணையில் உயர்த்தி வைத்திருக்கிறோம். வலி கூடி விரல் மரத்தால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுவோம்.

திருகோணமலையில் நின்றபடி எக்ஸ்ரே எங்கே எடுக்கலாம்? எலும்பு நிபுணரின் கிளினிக் எந்த நாளில்? இதற்கு ஸ்குரூ வைத்துச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் யாராவது இருந்தால், எத்தனை மாதத்தில் தொழிலுக்குத் திரும்பினீர்கள் என்று சொல்லுங்கள். அத்தான் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.