‘அவர்’ என்று படித்ததும் யார் தெரிகிறார்?

எங்கள் பேராசிரியர் ஓய்வு பெற்று ஒரு மாதம் ஆகிறது. அறிவியல் செய்தியை எப்படி எழுதுவது என்பதையும், அந்தச் செய்திகளில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எப்படி எண்ணுவது என்பதையும் ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் படித்தவர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள், அவருக்குப் பேட்டி கொடுத்தவர்கள் என்று நம்மில் பலர் இருக்கிறோம். அவரவர் அனுபவத்தை எழுதலாமே என்று தோன்றியது. நான் தொடங்குகிறேன்.

முதல் வகுப்பில் அவர் பேசியது ஒரு பழைய பிழையைப் பற்றி. 1922-ல் இயற்பியலாளர் லீஸ் மைட்னர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் தன் தொடக்க உரையை ஆற்றினார். அண்ட நிகழ்வுகளில் கதிரியக்கத்துக்கு உள்ள பங்கு பற்றிய உரை அது. அண்டம் சார்ந்தது என்பதற்கு ஜெர்மன் சொல் ‘கோஸ்மிஷ்’. பத்திரிகையில் அது ‘கோஸ்மேட்டிஷ்’ என்று வந்துவிட்டது. அதாவது, அழகுசாதனம் சார்ந்தது. வகுப்பில் சிலர் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. “யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஆனால் பேசியவர் ஆணாக இருந்திருந்தால் கை இந்தப் பக்கம் சறுக்கியிருக்குமா? இந்த வருடம் முழுக்க நாம் பார்க்கப்போவது அதைத்தான்” என்றார்.

இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு ஒரு நாளிதழின் அறிவியல் பக்கத்துக்கு நிருபராகப் போனவர் அவர். அங்கே இருந்தபோது ஓர் உயிரியலாளரைப் பேட்டி கண்டு முழுப் பக்கக் கட்டுரை எழுதினார். எல்லாரும் பாராட்டினார்கள். மறுநாள் அந்த உயிரியலாளரே போனில் வந்தார். “கட்டுரை நன்றாக இருக்கிறது. என் பிள்ளைகளைப் பற்றி எத்தனை வரி, என் சோதனையைப் பற்றி எத்தனை வரி என்று மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்களேன்” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். எண்ணிப் பார்த்தால் பிள்ளைகளுக்குத்தான் வரிகள் அதிகம். அந்தப் பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். எங்களிடம் காட்டியபோது காகிதம் பழுத்துப்போயிருந்தது. ஓரம் முழுக்கப் பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள், நாலு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. அதற்குப் பிறகு அவர் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்ததும், ஆசிரியரானதும், செய்திகளை எண்ணி எண்ணியே வாழ்நாளைச் செலவிட்டதும் அந்தக் கோடுகளின் தொடர்ச்சிதான்.

எண்ணுவது சுலபம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். உள்ளடக்கப் பகுப்பாய்வு என்று பெயர் சொன்னால் பெரிதாக இருக்கும். கையில் இருப்பது ஒரு தாளும் சில கட்டங்களும்தான். செய்தியில் யார் பெயர் வருகிறது, என்னவாக வருகிறது, நேரடி மேற்கோள் உண்டா, எத்தனையாவது பத்தியில், படத்தில் இருக்கிறாரா. ஒரே செய்தியை இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்துவிட்டு ஒப்பிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சில இடங்களில் இருவரும் ஒத்துப்போவோம் அல்லவா, அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பதற்கு கப்பா என்று ஓர் அளவு இருக்கிறது. எங்கள் முதல் கப்பாவைப் பார்த்துவிட்டு முழுத் தாளையும் மறுபடி குறிக்கச் சொன்னார். ‘நிபுணர்’ என்றால் யார் என்பதிலேயே எனக்கும் என் ஜோடிக்கும் ஒத்துவரவில்லை.

இந்த ‘என்னவாக வருகிறார்’ என்ற கட்டம்தான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று இன்றும் நினைக்கிறேன். தலையை மட்டும் எண்ணினால் ஏமாந்துவிடுவோம். ஒரு மருத்துவச் செய்தியில் இரண்டு பெண், இரண்டு ஆண் என்று சமமாக இருக்கும். கூர்ந்து பார்த்தால் நோயை விளக்குபவர்கள் இரண்டு பேரும் ஆண்கள், நோயால் பட்ட கஷ்டத்தைச் சொல்பவர்கள் இரண்டு பேரும் பெண்கள். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரே நாளில் பல நாடுகளின் செய்திகளை இப்படித்தான் எண்ணுகிறது. நிபுணர், அமைப்பின் சார்பில் பேசுபவர், சொந்த அனுபவம் சொல்பவர், கண்ணால் கண்டவர் என்று அதிலும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. 1995-ல் 71 நாடுகளில் எண்ணியபோது செய்தியில் இடம்பெற்றவர்களில் பெண்கள் 17 சதவீதம். 2020-ல் 116 நாடுகள், 25 சதவீதம். கால் நூற்றாண்டில் எட்டுப் புள்ளி. பேராசிரியர் இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதிவிட்டு வெகுநேரம் எதுவும் பேசாமல் நின்றார்.

என்னை மாற்றியது ஆண், பெண் கட்டங்கள் அல்ல. மூன்றாவதாக இருந்த ‘தெரியவில்லை’. (இருபாலில் அடங்காதவர்களுக்கு என்று இன்னொரு கட்டத்தை அவர் பிற்பாடு தனியாகச் சேர்த்தார்.) பெயரையோ படத்தையோ வைத்து உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் ஊகிக்கக் கூடாது, தெரியவில்லை என்றே குறிக்க வேண்டும் என்பது விதி. தமிழ்ச் செய்திகளை எடுத்ததும் அந்தக் கட்டம் நிரம்பி வழிந்தது. ‘ஆய்வாளர் ஒருவர் தெரிவித்தார்.’ ‘இதைக் கண்டறிந்த விஞ்ஞானி கூறினார்.’ வெளிநாட்டுப் பெயரென்றால் தமிழில் படிக்கும்போது ஆணா பெண்ணா என்று பாதி நேரம் புரியாது. ‘அவர்’ என்ற நம் மரியாதைச் சொல்லுக்கும் பால் கிடையாது, ‘கண்டுபிடித்தார்’ என்ற வினைக்கும் கிடையாது.

“தெரியவில்லை என்று குறித்தீர்கள், சரி. படிக்கும்போது மனதில் யார் தெரிந்தார்?” என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாணவிகள் உட்பட எல்லாருக்குமே ஆண்தான் தெரிந்திருந்தார்.

அப்போதுதான் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளரின் ஆய்வைச் சொன்னார். 1966-லிருந்து 1977 வரை 4,807 குழந்தைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார்கள். பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். 1983-ல் இது வெளியானது. பின்னால் அமெரிக்காவில் நடந்த இதே போன்ற ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2018-ல் பார்த்தபோது, 1985-க்குப் பிந்தையவற்றில் பெண்ணை வரைந்த குழந்தைகள் சராசரியாக 28 சதவீதம். ஆக, மனதில் இருக்கும் படம் மாறுகிறது. ஆனால் வயது ஏற ஏறக் குழந்தைகள் ஆணை வரைவதுதான் கூடுகிறது. வளரும் வழியில் அவர்கள் பார்ப்பதில் நம் செய்திகளும் இருக்கின்றன.

படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு அவரோடு எனக்கு ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. பெண் விஞ்ஞானியைப் பற்றிய கட்டுரையைச் சோதித்துப் பார்க்க ஃபிங்க்பைனர் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு வானியலாளரைப் பற்றி எழுதும்போது அவர் பெண் என்பதைப் பேசவே மாட்டேன் என்று 2013-ல் ஆன் ஃபிங்க்பைனர் என்ற அறிவியல் எழுத்தாளர் முடிவெடுத்தார். அதிலிருந்து கிறிஸ்டி ஆஷ்வாண்டன் என்ற இன்னொரு எழுத்தாளர் ஒரு பட்டியல் போட்டார். விஞ்ஞானி பெண் என்பது, கணவரின் வேலை, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், ‘முதல் பெண்’ போன்றவை கட்டுரையில் வரக் கூடாது. அதே ஆண்டு ராக்கெட் பொறியாளர் இவோன் பிரில் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் இரங்கல் கட்டுரை அவருடைய சமையலைப் புகழ்ந்து தொடங்கியது. கண்டனம் எழுந்ததும் இணையத்தில் அந்த வரியை மாற்றினார்கள். 1964-ல் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் நோபல் வாங்கியபோது ‘ஆக்ஸ்ஃபோர்ட் இல்லத்தரசிக்கு நோபல்’ என்று தலைப்புப் போட்டது டெய்லி மெயில். இதையெல்லாம் படித்த வேகத்தில் ஒரு வேதியியலாளரைப் பற்றி அந்தச் சோதனைப்படி சுத்தமாக எழுதினேன். ஆங்கிலத்தில் ‘ஷி’ என்ற ஒரு சொல்லே வேலையை முடித்துவிடும். தமிழில் அதுவும் இல்லை. கட்டுரை முடியும்வரை அவர் பெண் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. வாசகர் கடிதத்தில் ஒருவர் அவரை ‘அந்த மனிதரின் விடாமுயற்சி, ஒரு தந்தையின் பொறுமை’ என்று பாராட்டியிருந்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், “அப்படியானால் ‘பெண் விஞ்ஞானி’ என்றே எழுதிவிடவா?” என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் என் கட்டுரையின் முதல் பத்தியை விரலால் தொட்டார். “இனிஷியலும் பாதிப் பெயரும் போட்டிருக்கிறாயே, முழுப் பெயர் எங்கே? படம் எங்கே? அவர் பேசியதை எல்லாம் நீயே சுருக்கிச் சொல்லிவிட்டாய். அவர் வாயால் ஒரு வரிகூட இல்லையே” என்றார். அன்றிலிருந்து முழுப் பெயர், முகம் தெரியும் படம், படத்தின் கீழே பெயரும் பதவியும், மூன்றாம் பத்திக்குள் நேரடி மேற்கோள் என்பது என் வழக்கம். ‘பெண்’ என்ற சொல் அதுவே செய்தியாக இருக்கும் இடத்துக்கு மட்டும்.

*

மேலே உள்ளதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் ஒரு நாளிதழில் அறிவியல் பக்கம் பார்த்தவன். மேடம் எங்கள் பக்கத்தை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரவு எட்டு மணிக்குப் பக்கம் முடிக்க வேண்டும், கிடைப்பவர்தானே பேச முடியும் என்று அவரிடமே சொன்னேன். அவர் வாதாடவில்லை. “ஒரு நாள் சாயங்காலம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளட்டுமா?” என்று மட்டும் கேட்டார்.

உட்கார்ந்தார். நான் யாருக்கெல்லாம் போன் செய்கிறேன் என்று குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் என் போன் பட்டியலைக் காட்டச் சொன்னார். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் கொடுத்த பட்டியல் அது. அவருக்கும் அவருக்கு முன்னால் இருந்தவர்தான் கொடுத்திருப்பார். அதில் இருந்த பெண்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டார்கள். ‘கிடைப்பவர்’ என்று நான் சொன்னதெல்லாம் பல வருடம் முன்பு யாரோ தேர்ந்தெடுத்தவர்கள்.

எட் யாங் என்ற அறிவியல் எழுத்தாளர் தன் கட்டுரைகளைத் தானே எண்ணிப் பார்த்ததை மேடம்தான் எனக்குச் சொன்னார். மேற்கோள் காட்டியவர்களில் பெண்கள் 24 சதவீதம்தான் என்று தெரிந்ததும் ஒரு கணக்குத்தாளில் குறிக்கத் தொடங்கி, சில மாதங்களிலேயே பாதியைத் தொட்டார். அதற்கு ஒரு கட்டுரைக்குக் கூடுதலாகச் செலவானது சுமார் 15 நிமிடம் என்று 2018-ல் எழுதினார். பேசுபவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்ற இலக்கோடு பிபிசியில் ராஸ் அட்கின்ஸ் 2017-ல் தொடங்கிய 50:50 முயற்சியில் இன்னொரு நல்ல விதி இருக்கிறது: உன் கட்டுப்பாட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணு. ஒரு நாட்டின் அதிபர் ஆணாக இருந்தால் அதற்கு நீ பொறுப்பில்லை. அவர் பேசியதை விளக்க யாரைக் கூப்பிட்டாய் என்பதற்கு நீதான் பொறுப்பு.

நானும் தாள் போட்டேன். முதல் வாரமே ஒரு தடங்கல். புதிதாக அழைத்த பெண் ஆய்வாளர்கள் சிலர், “என்னைவிட எங்கள் துறைத் தலைவருக்கு நன்றாகத் தெரியும், அவரைக் கேளுங்கள்” என்றார்கள். பார்த்தீர்களா, அவர்களே பேச விரும்பவில்லை என்று மேடத்துக்குப் போன் செய்தேன். “இந்தத் தலைப்பில் பேசுவீர்களா என்று கேட்காதீர்கள். அவருடைய ஆய்வுக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு படத்தைக் காட்டி, இது என்ன சொல்கிறது என்று கேளுங்கள்” என்றார். அப்படிக் கேட்ட முதல் ஆளிடமிருந்து நாற்பது நிமிடம் போனை வைக்க முடியவில்லை.

*

நான் செய்தியாளர் இல்லை, பேட்டி கொடுத்தவள். தொற்றுநோய் பரவுவதைக் கணிதத்தால் கணிப்பது என் வேலை. காகிதமும் கணினியும் போதும், ஆய்வுக்கூடம் கிடையாது. பல வருடம் முன்பு ஒரு பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவர் என்னைப் பக்கத்துத் துறையின் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய், யாருடையதோ ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டு, கையில் நீல நிறத் தண்ணீர் ஊற்றிய குடுவையைக் கொடுத்தார். கோட்டின் கை என் விரல்களை மூடியதால் இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். மறுக்கத் தோன்றவில்லை. சீராகத் துடிக்கும் ரேடியோ அலைகளை அனுப்பும் பல்சர் என்ற விண்மீனைக் கண்டுபிடித்தபோது வானியலாளர் ஜோஸ்லின் பெல்லிடம் காதலர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள், சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார்கள், இயற்பியல் கேள்விகளை எல்லாம் அவருடைய வழிகாட்டியிடம் கேட்டார்கள் என்று பின்னால் அவரே சொல்லிப் படித்தேன். என் விஷயம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்தப் படம் எங்கே போனாலும் என்னோடு வந்தது.

மேடம் தன் ஆய்வுக்காக என்னைச் சந்தித்தபோது அந்தப் பக்கத்தை மேசைமேல் வைத்து, “குடுவையில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். தண்ணீர் என்றேன். குறித்துக்கொண்டார். அப்புறம், “உங்கள் வேலை நடக்கும் இடத்தைக் காட்டுங்கள்” என்றார். என் அறைக்கு அழைத்துப்போனேன். வெள்ளைப் பலகையில் அன்று காலையில் எழுதியது அப்படியே இருந்தது. என் மாணவியிடம் போனைக் கொடுத்து அதன் முன்னால் ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

படத்தை அன்று மாலை அவருக்கு அனுப்பினேன். நன்றி என்று ஒரு வரி வரும் என்று நினைத்தேன். வந்த பதிலில், மூன்றாவது சமன்பாட்டில் நோய் தொற்றும் வீதமான பீட்டா ஏன் காலத்தோடு மாறுகிறது என்று கேட்டிருந்தார். இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதி அனுப்பினேன்.